ஒரு பைப் நேரம்

இது கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை வேண்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இது 1956 நவம்பர் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, அமோஸ் டைசனுக்குப் பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. இவனுக்கு மத்தியானம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று முடித்த கையோடு வந்தது.

நான் அப்போது இங்கிலாந்தில் கம்பர்லாந்து மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அமோஸ் அடிக்கடி என் வண்டியில் ஏறிக்கொள்வான். இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறான். மூன்று தடவையும் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே மாறவில்லை. பொய் சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் ஐம்பத்து நாலு வயதில் கில்பர்ட் மவுன்சி பண்ணையில் கூலிக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருப்பானா?

அவனுடைய அலுப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

அவன் மனைவி எடித் இரண்டரை வருடமாகப் படுத்த படுக்கை. பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை ஒன்றுதான் மிச்சம். ஏதாவது வேண்டும் என்றால் அந்தக் கையில் இருக்கும் கல்யாண மோதிரத்தால் இரும்புக் கட்டிலின் சட்டத்தில் தட்டுவாள்.

டொக். டொக். டொக்.

எப்போதும் மூன்று தட்டு. ராத்திரிக்குப் பத்துத் தடவையாவது கேட்கும். தண்ணீர் கொடுக்க, துணி மாற்ற, திருப்பிப் படுக்க வைக்க. ஒருமுறை அவன் விறகு எடுக்கப் போன நேரத்தில் அவள் சரிந்து, தலையணையில் முகம் புதைந்து, உதடு நீலமாகிவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாள். அன்றிலிருந்து அவளைத் தனியாக விட்டதே கிடையாது.

"அந்தச் சத்தம் கேட்டா, சில நேரம் கட்டிலோட தூக்கிப் போட்டு ஒடைக்கணும்னு வருதுடா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, என் லாரியில் உட்கார்ந்து, முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதான். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். வேறென்ன செய்வது?

அன்றைக்கு மலையில் இருக்கும் ஆடுகளையெல்லாம் கீழே ஓட்டிவரும் நாள். பக்கத்து வீட்டு அக்னஸ் எடித்துக்குத் துணையாக வந்திருந்தாள். அறுபதை நெருங்கியவள். வாய் கொஞ்சம் காரம்.

"நாலு மணின்னா நாலு மணி, அமோஸு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். என் மாடு உன் பொண்டாட்டிக்காக மடியைக் கட்டிக்கிட்டு நிக்காது."

"மூணரைக்கே வந்துடறேன் அக்கா."

"வந்துட்டு சொல்லு."

நாலு மணிக்கு அக்னஸ் போய்விடுவாள். அதற்குள் அவன் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆடு ஓட்டுகிறவர்கள் மலைச்சரிவில் வரிசையாகப் பரவி நிற்பார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் யாரும் அசையக் கூடாது. அவரவர் கல்லருகே உட்கார்ந்து ஒரு பைப் புகையிலை புகைக்க வேண்டும். அது எரிந்து முடிவதற்குள் பனி விலகினால் வேலை தொடரும். விலகாவிட்டால், பக்கத்தில் அடிவாரம் வரை போகும் கற்சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க இறங்கிவிட வேண்டும். கடிகாரம் பார்க்கிற வேலை இல்லை. ஒரு பைப் நேரம் என்றால் எல்லோருக்கும் ஒரே கணக்குதான். பாதி பைப்பில் இறங்குவது கேவலம். அரைகுறையாக எரிந்த புகையிலையைத் தட்டிக் கொட்டுகிறவனை அங்கே மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

அவர்கள் பிடிப்பது அச்சில் வைத்து அழுத்தி, பட்டை பட்டையாக வெட்டின புகையிலை. கறுப்பாக, ஈரமாக, தோல் வார் மாதிரி இருக்கும். அதை அப்படியே அடைத்தால் அணைந்து அணைந்து போகும், பைப் முடியவே முடியாது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கி உதிர்க்க வேண்டும். அடுப்பு மேடையில் கால் மணி நேரம் காய வைக்க வேண்டும். பிறகு இறுக்காமல் நிரப்ப வேண்டும். முதல் நெருப்புக்குப் புகையிலை பொங்கி எழும். ஆணித் தலையால் லேசாக அமுக்கிவிட்டு இரண்டாவது நெருப்பு. அப்புறம் அவசரப்படாமல், சூடான டீயை உறிஞ்சுவது போல, விட்டு விட்டு இழுக்க வேண்டும். இப்படிச் செய்தால் இரண்டு தீக்குச்சியில் ஐம்பது நிமிடம் ஓடும். மேலே காற்றில் இதெல்லாம் நடக்காது என்பதால் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

அமோஸ் இதில் கெட்டிக்காரன். ஆனால் அன்று காலை அவன் கசக்கவில்லை. காய வைக்கவும் இல்லை. ஈரப் பட்டையை அப்படியே மடித்து, கட்டை விரலால் அழுத்தி அடைத்தான். நேரமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அடுப்போ பக்கத்திலேயேதான் எரிந்துகொண்டிருந்தது.

மத்தியானம் 1.10. மேகம் சரசரவென்று இறங்கியது. கீழ்ப்பக்கத்திலிருந்து கில்பர்ட் கத்துவது கேட்டது.

"ஒரு பைப்பு! எல்லாரும் ஒரு பைப்பு!"

"ஒரு பைப்பு!" என்று அமோஸும் திருப்பிக் கத்தினான். பிறகு சத்தமே இல்லை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

அவன் இடம் வெள்ளைக்கல். ஆள் உயரம் இருக்கும். அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். நாய் ஜெஸ் காலடியில் படுத்தது. காலை நீட்டியபோது உடம்பில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக வலித்தது. ஆனால் இங்கே யாரும் தட்டிக் கூப்பிட மாட்டார்கள். அந்த நினைப்பே அவனுக்குச் சொர்க்கமாக இருந்தது.

1.14. பற்ற வைத்தான். இரண்டு இழுப்பு. அணைந்தது.

1.17. மறுபடியும். பைப்புக்குள் எச்சில் கொழகொழத்தது. நாக்கு சுட்டது. அணைந்தது.

1.26. ஆணியால் கிளறிப் பார்த்தான். ஐந்து இழுப்பு. அணைந்தது. அலுத்துப் போய்க் கண்ணை மூடினான்.

"குச்சி இருக்கா?"

அமோஸ் திடுக்கிட்டுத் திரும்பினான். அதே கல்லில் சாய்ந்து, ஒரு கை தூரத்தில், ஒருவன் உட்கார்ந்திருந்தான். தோளில் சாக்குப் போர்த்தியிருந்தான். முழங்காலுக்குக் கீழே கால்சட்டையைக் கயிறால் கட்டியிருந்தான். வாயில் வெள்ளைக் களிமண் பைப். நாற்பது வயது இருக்கும். நல்ல களைத்த முகம்.

'அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆள். பனியில் வழி தப்பி ஏறிவிட்டான்' என்று அமோஸ் நினைத்துக்கொண்டான். தீப்பெட்டியை நீட்டினான்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?" என்று கேட்டான்.

"ஒரு பைப்பு நேரமா."

"முடிஞ்சுதா?"

"எங்க முடியுது... அணைஞ்சு அணைஞ்சு போகுது."

"எனக்கும் அதே கதைதான்" என்று அமோஸ் சிரித்தான்.

அந்த ஆள் சிரிக்கவில்லை. குச்சியைக் கிழித்தான். சர்ர்க்... பைப்பின் மேல் பிடித்து இழுத்தான். கன்னம் குழிந்தது. ஆனால் நெருப்பு கீழே வளையவில்லை. நேராகவே நின்றது. அமோஸ் அதைக் கவனித்தான். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெஸ் எழுந்தது. குரைக்கவில்லை. பத்தடி தள்ளிப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

1.40. அமோஸ் மறுபடி பற்ற வைத்தான். அணைந்தது. அந்த ஆள் பெட்டியைக் கேட்டான். கொடுத்தான். அவனுடையதும் அணைந்தது. இப்படியே போனது. யாரும் அதிகம் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. குளிர்கூடத் தெரியவில்லை. இரண்டரை வருடத்தில் இப்படி ஒரு இளைப்பாறல் அவனுக்குக் கிடைத்ததே இல்லை.

1.52. அமோஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டான்.

"வீட்ல யாராவது படுக்கையிலயா?" என்றான் அந்த ஆள்.

"பொண்டாட்டி. உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் தோளைப் பாத்தாலே தெரியுது. தூக்கித் தூக்கி வலது தோள் எறங்கிப் போச்சு." தன் தோளைக் காட்டினான். அதுவும் அப்படித்தான் இறங்கியிருந்தது. "எனக்கு அப்பன்."

யாரிடமும் சொல்லாததை அமோஸ் அன்று வாய்விட்டுச் சொன்னான்.

"இங்கேயே இருந்துடலாம் போல இருக்கு."

"இரு. யாரு வேணாம்னா?"

"நாலு மணிக்குள்ள போகணும்."

"பைப்பு முடியலையே. எப்படி எறங்குவ?"

அதுவும் நியாயம்தானே என்று அமோஸுக்குத் தோன்றியது. பாதி பைப்பில் யாராவது இறங்குவார்களா? வழக்கம் வழக்கம்தான். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான்.

1.52.

காதில் வைத்தான். டிக் டிக் என்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்டியைக் கொடுத்தான். வாங்கினான். பற்ற வைத்தான். அணைந்தது. திரும்பப் பார்த்தான்.

1.52.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. தன் வாயிலிருந்து மூச்சு ஆவியாக வருகிறது. அவன் வாயிலிருந்து வரவில்லை. இத்தனை பக்கத்தில் ஒருவன் புகைக்கிறான். புகையிலை வாசனையே இல்லை.

அமோஸ் கீழே பார்த்தான். அந்த ஆளின் காலடியில், கல்லோடு ஒட்டினாற்போல, எரிந்த குச்சிகள். சிதறிக் கிடக்கவில்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது.

அந்த ஆள் தன் பைப்பை வாயிலிருந்து எடுத்தான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு... அதற்குள் மெதுவாக எச்சில் துப்பினான்.

நெருப்பு 'சுஸ்' என்று அணைந்தது.

அமோஸ் பார்த்துவிட்டான். அவனும் அமோஸ் பார்த்ததைப் பார்த்துவிட்டான்.

"என்ன பாக்குற?" என்றான். "நீ மட்டும் காலையில கசக்கினியா?"

அமோஸ் தன் பைப்பைக் கைக்குள் மறைத்தான்.

"அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

காலையில் அதை யாரும் பார்க்கவில்லை. எடித் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்னஸ் இன்னும் வந்திருக்கவில்லை. அவனும் அடுப்பும் மட்டும்தான் இருந்தார்கள்.

"இரு அமோஸ். குச்சி நெறைய இருக்கு."

பெயரைச் சொல்லவே இல்லையே...

எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. வலியில்லை, கட்டும் இல்லை. வர மனசில்லை, அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது என்பான்.

அப்போது கேட்டது.

டொக்.

தூரத்தில். மிகக் கீழே.

டொக். டொக்.

மூன்று.

வீடு நாலு மைல்.

டொக். டொக். டொக்.

அந்த ஆள் தலையைத் திருப்பிக்கொண்டான். "அதைக் கேக்காத" என்றான். முதல் தடவையாக அவன் குரலில் நடுக்கம்.

"உனக்கும் கேக்குதா?"

"கேக்காதன்னு சொன்னேன்ல..."

அமோஸ் பைப்பைத் தலைகீழாகப் பிடித்தான். கல்லில் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று. பாதி எரிந்த புகையிலை புல்லில் விழுந்தது.

கால் வந்தது.

ஓடினான்.

சுவர் கையில் தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டே இறங்கினான். ஜெஸ் முன்னால் ஓடியது.

பின்னால்...

சர்ர்க்.

குச்சி கிழிக்கும் சத்தம்.

பத்தடி போனான். சர்ர்க்.

இன்னும் பத்தடி. சர்ர்க். அதே தூரத்தில்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவர் முடியும் இடத்தில் ஒரு வாயிற்கதவு. அதைத் தாண்டியதும் சத்தம் நின்றது. பனியும் இல்லை. வானம் சுத்தமாக இருந்தது. சூரியன் விழப் போகிற நேரம். கில்பர்ட்டும் இரண்டு ஆட்களும் கயிறும் விளக்குமாக எதிரே ஏறி வந்தார்கள்.

"யோவ் அமோஸ்! எங்கய்யா போய்த் தொலைஞ்ச?" என்று கில்பர்ட் கத்தினான். சிரிக்க முயன்றாலும் முகம் வெளுத்திருந்தது. "ஆட்டைக்கூட எண்ணி எடுத்துட்டோம். ஒரு மேய்ப்பன்தான் குறையுது."

"வெள்ளைக்கல்லுலதான் இருந்தேன்."

"வெளயாடாத. ரெண்டு மணிக்கே பனி போயிடுச்சு. அந்தக் கல்லு மேல ஏறி நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீயும் இல்ல, நாயும் இல்ல."

"மணி என்ன?"

"நாலே கால்."

அமோஸ் அதற்கு மேல் நிற்கவில்லை. வீட்டை நோக்கி ஓடினான். ஐம்பத்து நாலு வயதில், மலை இறங்கின காலோடு, அந்தத் தூரத்தை ஓடினான். தலையணையில் புதைந்த முகமும் நீல உதடும்தான் வழி முழுக்க அவன் கண்ணில் நின்றன.

4.50. கதவைத் தள்ளினான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்னஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எடித் நிமிர்ந்து படுத்திருந்தாள். மூச்சு சீராக இருந்தது.

"என் மாடு கத்துற கத்து ஊருக்கே கேக்குது" என்றாள் அக்னஸ். ஆனால் குரலில் கோபமில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வெள்ளைக்கல்லா?"

அவன் தலையாட்டினான்.

"அதான் போகல. உக்காரு."

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். 1911-இல் அந்தக் கல்லடியில் ஒருவன் செத்துக் கிடந்தான். லாண்டி என்று பெயர். அதே பண்ணையில் கூலிக்காரன். ஆடு ஓட்டின நாள், பனி இறங்கியது, ஒரு பைப் நேரம் உட்காரச் சொன்னார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவன் இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். குளிரில் விறைத்திருந்தான்.

"வழி தப்பிட்டானா?" என்று அமோஸ் கேட்டான்.

"சுவர் இருபதடியில இருக்கு. கண்ணைக் கட்டி விட்டாலும் எறங்குவான். ஈரப் புகையிலை, எரியல, முடியட்டும்னு உக்காந்துட்டான்னு பேசிக்கிட்டாங்க. ஆனா எங்கப்பா அவன் பையைப் பாத்தார். பையில இருந்த புகையிலை நல்லாக் காஞ்சு மொறுமொறுன்னு இருந்துச்சாம். பைப்புல இருந்தது மட்டுந்தான் சொதசொதன்னு ஈரம். மேலாக மட்டும் கருகியிருந்துச்சு."

அமோஸ் டீயைக் கீழே வைத்தான்.

"காலடியில எரிஞ்ச குச்சி. அடுக்கி வெச்ச மாதிரி. முப்பத்தொண்ணு."

அமோஸ் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். காலையில்தான் பிரித்த புதுப் பெட்டி. ஐம்பது குச்சி. மேலே இருவரும் சேர்ந்து கிழித்தது பத்தோ பன்னிரண்டோ இருக்கும். மேசையில் கொட்டி எண்ணினான். பிறகு அக்னஸ் எண்ணினாள்.

பத்தொன்பது.

முப்பத்தொன்று போயிருந்தது.

அக்னஸ் குச்சிகளைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டாள்.

"எடித் எப்போ தட்டினா?" என்று அமோஸ் மெல்லக் கேட்டான்.

"உனக்கு யாரு சொன்னா?" அக்னஸ் நிமிர்ந்தாள். "ரெண்டு அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும். ஆரம்பிச்சா. தண்ணி குடுத்தேன், வேணாம். திருப்பினேன், வேணாம். என்னைப் பாக்கவே இல்ல. ஜன்னல் வழியா மலையையே பாத்துக்கிட்டு, மோதிரம் வளையற மாதிரி தட்டினா. நாலு மணி வரைக்கும் நிறுத்தல. அப்புறம் சட்டுனு நிறுத்திட்டா."

அமோஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் அக்னஸ். "யாருக்கும் சொன்னதில்ல. லாண்டியோட அப்பன் படுத்த படுக்கை. அவனைத் தவிர பாக்க ஆள் கெடையாது. மூணாம் நாள் எங்கம்மா ரொட்டி குடுத்துட்டு வரச் சொன்னா. எனக்குப் பதினாலு வயசு. நான்தான் கதவைத் தொறந்தேன்."

"செத்துப் போயிருந்தாரா?"

"கையில கைத்தடியைப் பிடிச்ச மேனிக்கு. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவத்துல பூச்சு உதிர்ந்து, கல்லு தெரிஞ்சு, இத்தனை பெரிய குழி. மூணு நாளும் தட்டியிருக்காரு."

அவள் தன் முஷ்டியைக் காட்டினாள்.

"மூணு மைலு. மலைக்கு எப்படிக் கேக்கும்? பாவம் லாண்டி, அவனுக்குக் கேட்டிருக்காதுன்னுதான் நாப்பத்தஞ்சு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அமோஸைப் பார்த்தாள். "இன்னிக்கு வரைக்கும்."

சால்வையை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போனாள். அமோஸ் விளக்கடியில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

5.20. உள்ளே கட்டில் சட்டம் சத்தம் போட்டது.

டொக். டொக். டொக்.

எழுந்து போனான்.